கேனரி வார்ஃபும் நம் ஊர்க் கூலியும்



லண்டனில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டுத் திருமலைக்குத் திரும்பிய நாளிலிருந்து போனில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "சார், அரண்மனை பார்த்தீங்களா? பெரிய மணிக்கூண்டு பார்த்தீங்களா?" பார்த்தேன். அந்தப் படங்கள் உங்கள் போனிலேயே கிடைக்கும். நான் எழுத நினைத்தது இன்னொரு இடத்தைப் பற்றி. அதன் பெயர் கேனரி வார்ஃப். லண்டனின் கிழக்குப் பக்கம், தேம்ஸ் நதி வளைந்து ஓடும் இடத்தில், வங்கிகளும் பெரிய கம்பெனிகளும் நிறைந்த புது வியாபாரப் பேட்டை. சென்னையிலும் பெங்களூருவிலும் உட்கார்ந்து ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் நம் பிள்ளைகள் பலருக்கு எஜமானர்கள் அந்த மாதிரிக் கட்டடங்களில்தான் இருக்கிறார்கள்.

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை ஓய்வாகப் படியுங்கள். கடைசியில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அதை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

மகள் ஒரு நடைச் சுற்றுலாவுக்குப் பதிவு செய்து கொடுத்தாள். இரண்டு மணி நேரம், பத்துப் பன்னிரண்டு பேர். கூட்டிக்கொண்டு போனவர் எழுபது வயதை ஒட்டியவர். அவருடைய தாத்தாவும் அப்பாவும் அங்கே கப்பலில் மூட்டை இறக்கியவர்கள். அவர் பேசிய கிழக்கு லண்டன் ஆங்கிலத்தில் பாதி எனக்குப் புரிந்தது, மீதியை மகள் சொன்னாள்.

முதலில் பெயர்க் கதை. கேனரி என்றதும் மஞ்சள் குருவி என்று நினைத்துவிடாதீர்கள். 1930களில் கேனரித் தீவுகளிலிருந்து வாழைப்பழமும் தக்காளியும் வந்து இறங்கிய கப்பல்மேடை அது, அதனால் அந்தப் பெயர். லத்தீனில் நாய்க்கு 'கானிஸ்' என்று பெயர். அதிலிருந்துதான் கேனரித் தீவுகளுக்குப் பெயர் வந்தது என்பார்கள். இந்த வியாபாரப் பேட்டை இருக்கும் நிலப்பகுதியின் பழைய பெயரோ 'ஐல் ஆஃப் டாக்ஸ்', அதாவது நாய்த்தீவு. ஆக, உலகத்துப் பணமெல்லாம் புழங்கும் இடத்துக்கு இரண்டு பெயர், இரண்டிலும் நாய்தான் இருக்கிறது. வகுப்பாக இருந்திருந்தால் கடைசி பெஞ்சு இதற்கு ஐந்து நிமிடம் சிரித்திருக்கும்.

சுற்றுலா தொடங்கியது ஒரு பழைய செங்கல் கிடங்கின் முன்னால். 1802இல் திறந்த மேற்கிந்தியக் கப்பல்துறையின் சர்க்கரைக் கிடங்கு அது. 2003 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. மேற்கிந்தியத் தீவுகளில் ஆப்பிரிக்க அடிமைகள் வெட்டிய கரும்பு, சர்க்கரையாகவும் ரம்மாகவும் இங்கே வந்து இறங்கியது. துறையைக் கட்டுவதில் முன்நின்ற ராபர்ட் மில்லிகன் ஜமைக்காவில் அடிமைகளை வைத்துத் தோட்டம் நடத்தியவர். அவருடைய சிலை அந்தக் கிடங்கு வாசலில் நின்றது. 2020 ஜூனில் அதை எடுத்துவிட்டார்கள்.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். 1834இல் அடிமை முறை ஒழிந்ததும் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. அப்போது ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களில் மதராஸ் துறைமுகத்திலிருந்து போன நம்மவர்களும் இருந்தார்கள். மொரிஷியஸ், கயானா, நேட்டால் என்று போன அந்தக் கதையின் ஒரு முனை இந்தக் கிடங்கு வாசலில் இருக்கிறது.

அங்கிருந்து தண்ணீருக்கு மேல் ஒரு நடைபாலம். அதைக் கடந்தால் வேறு உலகம். கண்ணாடியும் இரும்புமாகக் கட்டடங்கள். நடுவில் கூம்பு வைத்த தலையோடு ஒன்று நிற்கிறது, ஒன் கனடா ஸ்கொயர். 50 மாடி, 235 மீட்டர் உயரம், 1991இல் முடிந்தது. திருவண்ணாமலை ராஜகோபுரம் 66 மீட்டர் என்று உங்களுக்குத் தெரியும். அதைப் போல மூன்றரைக் கோபுரத்தை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளுங்கள். ஏறத்தாழ இருபது வருடம் பிரிட்டனிலேயே அதுதான் உயரமான கட்டடம்.

ஓட்டுநர் இல்லாத ரயில் தலைக்கு மேல் ஓடுகிறது, 1987 முதல். கீழே ஒரு சதுக்கத்தில் ஆறு கம்பங்களில் பன்னிரண்டு முகம் கொண்ட கடிகாரங்கள். ஒவ்வொரு முகத்திலும் ஒரே ஒரு எண்தான் இருக்கிறது, ஆனால் எல்லாம் ஒரே நேரத்தைக் காட்டுகின்றன. எலிசபெத் லைன் ரயில் நிலையத்தின் கூரையில் மர வளைவுகளுக்குக் கீழே ஒரு தோட்டம். கிரீன்விச் தீர்க்கரேகை அந்தப் பக்கம்தான் போகிறது. அதனால் கிழக்கு அரைக்கோளத்துச் செடிகளை ஒரு பக்கமும் மேற்கு அரைக்கோளத்துச் செடிகளை மறுபக்கமும் வைத்திருக்கிறார்கள். மூங்கிலைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. தீர்க்கரேகைப் பாடத்தை இதைவிட நன்றாக நடத்த முடியாது.

ஒன்றைக் கவனித்தேன். சாலை, சதுக்கம், பூங்கா எல்லாம் பொது இடம் போலத்தான் தெரிகின்றன. ஆனால் அது தனியார் நிலம், காவலும் தனியார் காவல். உட்காரலாம், நடக்கலாம், அவர்கள் விதிப்படி.

கப்பல்துறை எப்படி வங்கித்துறை ஆனது? இதைப் பெரியவர் நன்றாக விளக்கினார். 1960களில் கன்டெய்னர் கப்பல்கள் வந்தன. அவ்வளவு பெரிய கப்பல்கள் அந்தப் பழைய துறைகளுக்குள் வர முடியாது. சரக்கு நதியின் கீழ்ப்பகுதியில் உள்ள டில்பரிக்குப் போய்விட்டது. முன்பு நூறு பேர் நாள் முழுக்க இறக்கிய சுமையை இப்போது சிலர் கிரேனை வைத்து இறக்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு துறையாக மூடி, 1980இல் மேற்கிந்தியத் துறையும் மூடப்பட்டது. 1981இல் அரசு ஒரு வளர்ச்சிக் கழகத்தை அமைத்தது, அடுத்த வருடம் வரிச்சலுகை மண்டலமாக அறிவித்தது. கனடாவிலிருந்து வந்த ஒலிம்பியா அண்ட் யார்க் கம்பெனி 1988இல் கட்டத் தொடங்கியது. பெரிய கோபுரம் முடிந்த மறு வருடமே, 1992இல், அந்தக் கம்பெனி திவாலானது. மெட்ரோ ரயில் 1999இல் வந்த பிறகுதான் இடம் முழுதாக உயிர் பெற்றது. இன்று அங்கே வேலை பார்ப்பவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

"உங்க அப்பாவுக்கு இதில் ஏதாவது வேலை கிடைத்ததா?" என்று கேட்டேன். மகள் மொழிபெயர்த்தாள். அவர் சிரித்தார். அப்பாவுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயதாம். மூட்டை தூக்கிய கைக்கு வங்கியில் என்ன வேலை இருக்கும்? உள்ளூர்க்காரர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1986இல் இந்தத் திட்டத்துக்காக நடந்த ஒரு பெரிய நிகழ்ச்சியில் ஆட்டு மந்தையையும் தேனீக்களையும் அவிழ்த்துவிட்டு எதிர்ப்பைக் காட்டினார்கள். கோட் போட்ட பெரிய மனிதர்கள் ஓடியிருப்பார்கள். ஆனால் கட்டடம் எழும்பியது.

அவர் சொன்னதில் என் மனதில் நின்றது கூலிக் கதைதான். அந்தக் காலத்தில் தினமும் காலையில் துறை வாசலில் ஆட்கள் கூட்டமாக நிற்பார்கள். மேஸ்திரி கைகாட்டுகிறவனுக்கு அன்று வேலை, மற்றவன் பட்டினி. காலையில் ஆரணி ரோட்டில் சித்தாள் வேலைக்கு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, அப்படித்தான். 1889 ஆகஸ்டில் இதே மேற்கிந்தியத் துறையில்தான் வேலைநிறுத்தம் தொடங்கியது. கேட்டது மணிக்கு ஆறு பென்ஸ். அதுவரை வாங்கியது ஐந்து பென்ஸ். ஒரே ஒரு பென்ஸுக்காக ஐந்து வாரம் லண்டன் துறைமுகம் நின்றது. கடல் கடந்து ஆஸ்திரேலியத் தொழிலாளர்கள் 30,000 பவுண்டு அனுப்பினார்கள். ஆறு பென்ஸ் கிடைத்தது. ஆனால் அந்த வாசலில் நிற்கும் வழக்கம் ஒழிய 1967 வரை ஆனது.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். அந்தக் கண்ணாடிக் கட்டடங்களை ராத்திரியில் துடைப்பவர்கள் கிழக்கு லண்டனில் குடியேறிய ஏழைகள். 2001 முதல் அங்குள்ள சர்ச்சுகளும் மசூதிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து 'வாழ்வதற்கான கூலி' கேட்டன. 2003இல் எச்எஸ்பிசி வங்கியின் பங்குதாரர் கூட்டத்தில், அந்த வங்கித் தலைவரின் அறையையே துடைக்கும் பணியாளர் ஒருவர் எழுந்து நின்று தன் சம்பளத்தைப் பற்றி நேருக்கு நேர் பேசினார். மறு வருடம் வங்கி கூலியை உயர்த்த ஒப்புக்கொண்டது. அதே வங்கி இப்போது அந்தக் கோபுரத்தைவிட்டு நகருக்குள் திரும்பப் போவதாக 2023இல் அறிவித்திருக்கிறது. கப்பல் போனது போல வங்கியும் போகும். நிலம் மட்டும் அங்கேயே கிடக்கும், அடுத்த குடித்தனக்காரரைப் பார்த்துக்கொண்டு.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் 'ஈஸ்ட் இந்தியா' என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. 1806இல் திறந்த கிழக்கிந்தியக் கப்பல்துறை இருந்த இடம். அங்கே தெருப் பெயர்கள் கிராம்பு, ஜாதிக்காய், குங்குமப்பூ. மளிகைச் சீட்டு வாசிப்பது போல இருந்தது. இந்தக் கம்பெனி நமக்கு அந்நியம் இல்லை. ஆற்காட்டு முற்றுகைக்குப் பிறகு 1751இல் ராபர்ட் கிளைவ் நம் ஆரணியில்தான் சந்தா சாகிப் மகனின் படையைத் தோற்கடித்தார். 1782இல் ஹைதர் அலிக்கும் அயர் கூட்டுக்கும் சண்டை நடந்ததும் ஆரணியில். நம்மூர் மண்ணில் நடந்த சண்டைகளுக்குக் கணக்குப் பார்த்தது அந்த நகரம்.

மறுநாள் மகளோடு ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் போனேன். இது சுற்றுலாவில் இல்லை, என் ஆசைக்குப் போனது. ஏனென்றால் அது பட்டு நெசவாளர் பேட்டை. மத உரிமை பறிபோய் பிரான்சிலிருந்து ஓடிவந்த ஹியூகனாட் நெசவாளர்கள் அங்கே தறி போட்டார்கள். வீடுகளின் மேல்மாடியில் அகல அகலமாக ஜன்னல் வைத்திருக்கிறார்கள், தறிக்கு வெளிச்சம் வேண்டுமே என்று. எங்கள் வீட்டில் தறிக்குழிக்கு மேலே அப்பா கண்ணாடி ஓடு பதித்தது ஞாபகம் வந்தது. பாவும் ஊடையும் எந்த நாட்டிலும் கேட்பது வெளிச்சத்தைத்தான்.

அந்த நெசவாளர்களின் கதையை நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியத் துணி கப்பல் கப்பலாக இறங்கியபோது அவர்கள் பிழைப்பு போனது. 1697இல் கம்பெனி அலுவலகத்தையே தாக்கினார்கள். 1700இலும் 1721இலும் இந்தியத் துணிகளைத் தடுக்கச் சட்டம் வந்தது. 1719இல் நம் ஊர் அச்சுத் துணி உடுத்திய பெண்களின் உடையைத் தெருவிலேயே கிழித்தார்கள். படிக்கும்போது கோபம் வருகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், அங்கே ஒரு பசித்த நெசவாளி, இங்கே ஒரு பசித்த நெசவாளி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. இருவருக்கும் நடுவில் இருந்தவர் கப்பல்காரர், அவர் வயிறு மட்டும் காயவில்லை.

பிறகு 1773இல் ஒரு சட்டம் வந்தது. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவுக்கு இவ்வளவு கூலி என்று நீதிபதிகள் நிர்ணயிப்பார்கள், குறைத்துக் கொடுக்கும் முதலாளிக்கு அபராதம். ஐம்பது வருடம் அது நடந்தது. ஆனால் லண்டனுக்கு வெளியே அந்தச் சட்டம் செல்லாது. முதலாளிகள் பலர் கூலி குறைந்த ஊர்களுக்குத் தறியைக் கொண்டுபோனார்கள். 1824இல் சட்டத்தையும் எடுத்தார்கள், கூலி சரிந்தது. விசைத்தறி வந்தது. 1860இல் பிரெஞ்சுப் பட்டுக்கு வரி நீக்கியதோடு கதை முடிந்தது. இன்று அந்த மாடிகளில் தறி ஒன்றும் இல்லை. வீட்டு விலை மட்டும் நெசவாளி ஏழு ஜென்மம் நெய்தாலும் வாங்க முடியாத விலை.

இதைப் படிக்கும்போது உங்களில் சிலருக்குச் சுருக்கென்று இருக்கும். இருக்கட்டும். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வந்தாலும், சேலைக்குப் பெயர் கொடுப்பது நம் நெசவாளியின் கையும் காலும்தான். ஆனால் என்ன நடக்கிறது? கைத்தறிக்கு என்று 1985இல் சட்டம் போட்டு ஒதுக்கிய ரகங்களையே விசைத்தறியில் ஓட்டிக் கைத்தறி என்று விற்கிறார்கள். நூல் விலை ஏறினால் சேலை விலை ஏறுகிறது, கூலி மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. முன்பணம் வாங்கியவன் வேறு முதலாளியிடம் போக முடியாது.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். வயது நாற்பத்தாறு, பதினான்கு வயதிலிருந்து தறி. "சார், தறியைப் பிரிச்சிடலாம்னு இருக்கேன். செய்யாறு சிப்காட்ல செக்யூரிட்டி வேலை இருக்குதாம்" என்றார். ஒரு கட்டில் செய்யப் போகிறேன் என்பது போலச் சாதாரணமாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? அவருக்குப் பிள்ளைகள் படிக்கின்றன. ஆனால் முப்பத்திரண்டு வருடம் கோர்வை போட்டுப் பழகிய கை ஒரு வாசலில் பதிவேட்டுக்குப் பேனா நீட்டப் போகிறது. அந்த லண்டன் பெரியவரின் அப்பா என் கண்முன் வந்தார். அவர் தொழிலைக் கொண்டுபோனது கன்டெய்னர், அதை யாரும் தடுத்திருக்க முடியாது. இவர் தொழிலைக் கொண்டுபோவது கூலிக் குறைவு. இதைத் தடுக்க முடியும்.

நம் திருமலைப் பாறையில் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கங்கை வரை அவன் வென்ற நாடுகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு வணிகரின் மனைவி குந்தவை ஜினாலயத்துக்கு விளக்கெரியக் காசு கொடுத்த செய்தியைச் சொல்கிறது. ஆயிரம் வருடம் கழித்தும் கொடுத்தவர் பெயர் நிற்கிறது. 16 மீட்டர் நேமிநாதரைச் செதுக்கியவர்கள் என்ன கூலி வாங்கினார்கள் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. கூலி என்பது கல்லில் ஏறாத கணக்கு, உயிரோடு இருக்கும்போதே தீர்க்க வேண்டிய கணக்கு.

இப்போது வேண்டுகோள்.

என்னிடம் படித்தவர்களில் இன்று ஜவுளி முதலாளிகளாக, கடைக்காரர்களாக இருப்பவர்கள் குறைந்தது பத்துப் பேர். தொழிலின் கஷ்டம் எனக்குத் தெரியாதது இல்லை. சரக்கு தேங்குகிறது, கடன் வட்டி, வெளியூர்க் கடைக்காரர் பாக்கி. இருந்தாலும் கேட்கிறேன். நூல் விலை ஏறும்போதெல்லாம் சேலை விலையில் ஏற்றுகிறீர்களே, அதே நாளில் கூலியிலும் ஒரு பங்கு ஏற்றுங்கள். ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு பிணைக்கும் நாட்களில் நெசவாளிக்கு வருமானம் இல்லை, அந்த நாட்களுக்கும் ஏதாவது கொடுங்கள். கணக்கை ஒரு நோட்டில் எழுதி அவரிடமும் ஒரு படி கொடுங்கள். நீங்கள் பத்துப் பேரும் சேர்ந்து ஒரே நேரத்தில் செய்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஒருவர் மட்டும் செய்தால் அடுத்தவர் விலையைக் குறைத்து அவரை அடித்துவிடுவார். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் அதுதான் நடந்தது. அதனால்தான் தனித்தனியாகச் சொல்லாமல் பொதுவில் எழுதுகிறேன்.

வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு: கல்யாணத்துக்குச் சேலை எடுக்கும்போது கைத்தறி முத்திரை கேளுங்கள். நேராக ஊருக்கு வந்து தறி வீட்டில் எடுத்தால் இன்னும் நல்லது. அங்கே உட்கார்ந்து பேரம் மட்டும் பேசாதீர்கள்.

தறி போட்டுக்கொண்டே இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கு: கூலி கேட்பது பிச்சை இல்லை. தனியாகக் கேட்காதீர்கள், சேர்ந்து கேளுங்கள். அந்த ஆறு பென்ஸ் அப்படித்தான் கிடைத்தது.

அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் இதைப் பேச நான்கைந்து பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதலாளிகளும் வரலாம், நெசவாளிகளும் வரலாம். எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் படித்தவர்கள்தான். டீ உண்டு.

அன்புடன்,
உங்கள் சார்.